கார்குழலியின் எழுதுபெட்டி

கார்குழலி மறுபடியும் பக்கத்து இருக்கைக்காரரின் கீபோர்டைப் பிடுங்கிவிட்டாள். யாராவது ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவதைப் பார்த்தால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். "நவுருண்ணா, பேஜார் பண்ணாத" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் வேலையை இவளே முடித்திருப்பாள்.

ராயபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் அவள் அலுவலகம். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அங்கே தயாராகிக்கொண்டிருந்த மென்பொருள், புள்ளியும் கோடுமாகப் படம் போடும். லாரி ஒரு புள்ளி, சரக்குப்பெட்டிகள் அடுக்கும் யார்டு ஒரு புள்ளி, அதன் கேட் ஒரு புள்ளி, போய்வரும் வழி கோடு. விவரத்தைக் கொடுத்ததும் புள்ளிகள் ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் தத்தளித்து, ஒருவழியாக இடம்பிடித்து அமரும். எத்தனை தடவை பார்த்தாலும் கார்குழலிக்குச் சிரிப்பு தாங்காது. "பாரேன், பஸ்ல சீட்டு புடிக்கிற மாறியே குந்துது."

சோதித்துப் பார்க்க லாரி விவரமெல்லாம் அவளுக்கு ருசிக்காது. வியாசர்பாடியில் தான் குடியிருக்கும் ஹவுசிங் போர்டு பிளாக்கையே ஏற்றி வைத்திருந்தாள். ஆள் ஒரு புள்ளி, பேச்சுவார்த்தை இருந்தால் ஒரு கோடு. குழாயடிச் சண்டையில் முறைத்துக்கொண்டவர்களுக்குள் கோடு கிடையாது. அவர்கள் ஒருவருக்கொருவர் சேதி சொல்ல வேண்டுமானால் மூன்றாம் மாடி அங்கம்மாதான் நடந்து போய்ச் சொல்லியாக வேண்டும். அதனால் படத்தின் நட்டநடுவே அங்கம்மா ஜம்மென்று வீற்றிருந்தாள்.

படத்துக்கு அடியில் கார்குழலி ஓர் எழுதுபெட்டியைப் பொருத்தினாள். பார்ப்பவரே அதில் கட்டளை எழுதி, 'ஓட்டு' என்ற பொத்தானை அழுத்தினால் படம் அதன்படி மாறும். கட்டளைகள் எல்லாம் ஆங்கில எழுத்தில் அடிக்கிற தமிழ்: தூக்கு, சேரு, சிவப்படி. எழுத எழுதக் கட்டளை நீலமாகும், பெயர் பச்சையாகும். அந்த நீலத்தைத் தேர்ந்தெடுக்க அவள் அலுவலகத்தையே படுத்தி எடுத்தாள்.

முதலாளி தாமோதரனுக்குப் பெட்டி பிடிக்கவில்லை. "கஸ்டமரு இன்னாத்துக்கு எழுதப்போறாரு? நாலு பட்டனை வச்சிக் குடு, அமுக்கிகினு போவட்டும்" என்றார். கார்குழலிக்கு மனசு ஒடிந்துவிட்டது. "அவுங்க இன்னா கேப்பாங்கன்னு நமக்கு எப்டி சார் தெரியும்?" என்று விடாமல் நச்சரித்தாள். கடைசியில் அவர் இறங்கி வந்தார். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டிலிருந்து மென்பொருளைப் பார்க்க வரப்போகும் கஸ்டமர் வரலட்சுமி, தன் யார்டைப் பற்றித் தானே ஒரு வரி எழுதிவிட்டால் பெட்டி இருக்கலாம் என்றார். "நீ வாயால சொல்லு. கீபோர்டுல கை வச்சே, பொட்டிய அன்னிக்கே கழட்டிடுவேன்."

வரலட்சுமி வந்தார். யார்டில் லாரிகளை வரிசைப்படுத்தி அனுப்புகிறவர். சிரிப்பைச் சிக்கனமாக வைத்திருக்கும் முகம். பதற்றத்தில் கார்குழலி லாரிப் படத்துக்குப் பதிலாகத் தன் பிளாக்கைத் திறந்துவிட்டாள். தாமோதரன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாருமா இந்த அங்கம்மா? எல்லாக் கோடும் அவகிட்டயே போயிகினு கீது" என்றார் வரலட்சுமி. கார்குழலி நெளிந்துகொண்டே குழாயடிக் கதையைச் சொன்னாள். வரலட்சுமி நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"செரி, அவ ஊருக்குப் போயிட்டா?"

அதற்கென்று யாரும் பொத்தான் வைக்கவில்லை. "எழுதிப் பாருங்க மேடம்" என்றாள் கார்குழலி. வரலட்சுமி ஒற்றை விரலால் அங்கம்மாவின் பெயரை மட்டும் தட்டி, ஓட்டினார். பெட்டிக்கு அடியில் சிவப்பில் பதில் வந்தது: 'அங்கம்மாவ இன்னா பண்ணணும்?'

வரலட்சுமி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கார்குழலி சொல்லச் சொல்ல, 'தூக்கு' என்பதையும் சேர்த்தார். அங்கம்மா மறைந்தாள். பிளாக் மூன்று துண்டாகி ஆளுக்கொரு மூலைக்கு மிதந்தது.

"பிளாக்கே பூட்ச்சி" என்றவர், சிரிப்பு அடங்கித் திரையையே பார்த்தார். "எங்க வடக்கு கேட்டும் இவள மாறிதான்மா, எல்லா லாரியும் அது வழியாதான் போவும். லாரிப் படத்தப் போடு. அத்தத் தூக்கிப் பாக்கணும்."

கார்குழலி படத்தைத் திறந்து வைத்தாள். கீபோர்டு வரலட்சுமியின் மடிக்குப் போய்விட்டது. விரல் எங்கெங்கோ அலைந்தது; தேடிய எழுத்து அதற்கு நேர் கீழேதான் இருந்தது. கார்குழலியின் கை தானாக எழும்பியது. தாமோதரன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

ஒருவழியாக வரி முடிந்தது. நீலமும் பச்சையுமாகப் பளிச்சென்று நின்றது.

"இப்ப எத்தமா அமுக்கணும்?"

கார்குழலி, கையை எடுக்காமல், மோவாயை நீட்டி 'ஓட்டு' பொத்தானைக் காட்டினாள்.