தானாக ஆறும் சோபா

எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாவது சோபாவில் கீறல் விழுந்தால் அது தானாகவே ஆறிவிடும் என்று ஒன்பது வயதில் நான் அடித்துச் சொல்வேன். சிரிக்க வேண்டாம். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அப்போது நாங்கள் மலேசியாவில், கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்புறம் கருவாடு. கருவாடு எங்கள் பூனை. பாசாரில் கருவாட்டுக் கடைப் பெட்டிக்குள் கிடந்த குட்டியை நான் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். பெயரும் வாசனையும் கூடவே வந்துவிட்டன. முதலில் இருந்த பிரம்பு நாற்காலிகளை அது நார் நாராக உரித்தது. அடுத்து மலிவாகக் கிடைத்த துணி சோபா வந்தது. நான்கே மாதத்தில் அதன் வயிற்றிலிருந்து மஞ்சள் ஸ்பாஞ்சு எட்டிப் பார்த்தது. விருந்தாளி வந்தால் அம்மா ஓடிப்போய் அந்த ஓட்டையின் மேல் உட்கார்ந்துகொள்வார். அவர்கள் கிளம்பும்வரை எழுந்திருக்க மாட்டார், காப்பியை அப்பாதான் கலக்க வேண்டும்.

மூன்றாவது சோபா வாங்கப் புறப்பட்ட அன்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொன்னார். "இதுதான் கடைசி. புது சோபால ஒரே ஒரு கீறல் என் கண்ணுல பட்டுச்சு, இந்தக் கருவாட்டக் கோணியில கட்டி மீன் பாசார்ல விட்டுட்டு வந்துருவேன். சொல்லிட்டேன்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். சின்ன மாமாவோடு ஏதோ மனத்தாங்கலில் 'உன் வீட்டுச் சோத்தத் தொட மாட்டேன்' என்றவர், மாமாவின் கல்யாணத்துக்கு மூன்று நாளும் தூக்குச்சட்டியில் சொந்தச் சோறு கட்டிக்கொண்டு போனார். கருவாடு இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தளவாடக் கடை அங்கிள் சீனர். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் ஓரளவு வரும். காப்பி நிற ரெக்சின் சோபா ஒன்றைத் தட்டிக் காட்டி, "இது நல்லா தாஹான் அண்ணே, பத்து வருஷம் தாங்கும் லா" என்றார். வீட்டில் பூனை இருக்கிறது என்று அப்பா இழுத்தார். அங்கிள் சுண்டுவிரல் நகத்தால் சோபாவில் ஒரு கோடு இழுத்தார். வெள்ளையாக விழுந்தது. கட்டைவிரலால் இரண்டு தேய்ப்பு. கோட்டைக் காணோம்.

"பாத்தீங்களா? ஹிலாங்! காணாம போச்சு!"

அம்மாவும் குனிந்து பார்த்தார். நான் வாயைப் பிளந்தேன்.

சோபா வந்த மூன்றாம் நாளே கருவாடு தன் வேலையைக் காட்டியது. நான் பள்ளிவிட்டு வந்தபோது சுவர்ப் பக்கக் கைப்பிடியில் பளிச்சென்று நான்கு கோடுகள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் காலை ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு கோடும் இல்லை! தடவிப் பார்த்தேன், கொஞ்சம் வழவழவென்றிருந்தது, அவ்வளவுதான். அந்த வாரம் இன்னொரு முறை கீறியது. அடுத்த வாரம் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் மறுநாள் ஹிலாங். வீட்டில் குண்டூசி விழுந்தாலும் கண்டுபிடிக்கும் அம்மாவின் கண்ணில் இது மட்டும் படவே இல்லை. எனக்கு அந்தச் சோபாவின் மேல் பக்தியே வந்துவிட்டது.

அதே சமயம் வீட்டில் வேறு சில சங்கதிகளும் நடந்தன. அப்பா காலில் போடும் காப்பி நிறச் சப்பாத்துக்குப் பூசும் பாலிஷ் சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. "இந்த வீட்ல யாரு பாலிஷத் திங்கிறா?" என்று அப்பா கத்துவார். "மலிவு சாமான், காஞ்சிருக்கும்" என்பார் அம்மா. கரண்டு போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தி ஏற்றாமலே குட்டையானது. அம்மாவின் நக ஓரமெல்லாம் கறுப்பாக இருந்தது. அது மங்குஸ்தீன் பருவம், பழத்தோல் கறை என்று நான் ஒன்றும் நினைக்கவில்லை.

இரண்டு மாதம் இப்படிப் போனது. அப்போதுதான் கேரி தீவு எஸ்டேட்டில் இருந்த பெரியம்மாவுக்குக் காலில் கட்டி அறுத்தார்கள் என்று அம்மா மூன்று நாள் துணைக்குப் போனார்.

அம்மா போன அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுத் தோழி வந்தாள். சோபாவின் மகிமையை என்னால் அடக்க முடியவில்லை.

"பொய்யி லா! சோபா எங்கியாச்சும் தானா ஆறுமா?" என்றாள். 

ஐந்து ரப்பர் பந்தயம். எல்லாம் நாட்டுக்கொடி போட்ட அழிரப்பர். அப்போது எங்களுக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. பென்சில் கத்தியை எடுத்து, முன்பக்கம் நடு இருக்கையில், ஒரு சாண் நீளத்துக்குச் சர்ரென்று இழுத்தேன். நாளைக்கு வந்து பார் என்று அவளை அனுப்பினேன்.

காலையில் கீறல் அப்படியே இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். அது இன்னும் வாயைத் திறந்தது. திருநீறு பூசினேன். ஐந்து ரப்பரையும் வாங்கிக்கொண்ட தோழிக்கே என்மேல் இரக்கம் வந்து, தன் சர்ச்சில் சொல்லிக்கொடுத்த ஜெபத்தைக் கண்ணை மூடிச் சொன்னாள். எதுவும் பலிக்கவில்லை. இத்தனை நாள் ஆறிய சோபாவுக்கு இப்போது என்ன வந்தது? நான் என்ன தப்புச் செய்தேன்? கத்தியால் கீறியது தப்பு என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை, ஏன் ஆறவில்லை என்பதுதான் மண்டையைக் குடைந்தது.

சாயங்காலம் அப்பா பார்த்துவிட்டார். கருவாட்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "அம்மா வரட்டும்" என்றார். அன்று ராத்திரியே பின்கட்டில் ஒரு கோணி தயாராகத் தொங்கியது. நான்தான் என்று சொல்ல வாயெடுப்பேன், ரோத்தான் பிரம்பு ஞாபகத்துக்கு வரும், வாயை மூடிக்கொள்வேன். கருவாடோ அம்மாவைத் தேடி அறை அறையாகக் கத்திக்கொண்டு திரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அம்மா வந்தார். பையைக் கீழே வைப்பதற்குள் அப்பா சோபாவைக் காட்டினார். அம்மா மண்டியிட்டு, கீறலில் விரலை ஓட்டினார்.

"இது கருவாடு செஞ்சது இல்ல."

"பின்ன?"

"பூனை நாலு கோடு போடும். மேல ஆழமா இருக்கும், கீழ வரவர லேசாயிரும். அதுவும் இந்தப் பக்கம் அது வரவே வராது, சொவத்துப் பக்கந்தான்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு மாசமா ஒரு கீறல்கூட விழாத சோபால பூனை எந்தப் பக்கம் கீறும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா கீறலிலிருந்து விரலை எடுத்தார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார். "பென்சில் கத்தி எங்கடி?"

ரோத்தானில் இரண்டு விழுந்தது. கருவாடு கோணிக்குள் போகவில்லை என்ற சந்தோஷத்தில் நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஆனால் அப்பா ஏன் பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார் என்று தெரியவில்லை. அன்றே அவர் கடைக்குப் போய் இரண்டு டப்பா பாலிஷ் வாங்கிவந்தார். ஒன்றைச் சப்பாத்து அலமாரியில் வைத்தார். இன்னொன்றை அம்மாவின் தையல் பெட்டிக்குள் வைத்தார். அதுவும் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை கீறல் முக்கால்வாசி ஆறியிருந்தது. தோழியை இழுத்துவந்து காட்டி ரப்பரைத் திருப்பிக் கேட்டேன்.

"அப்ப அன்னிக்கு மட்டும் ஏன் ஆறல?" என்றாள். 

இரண்டு நாளாக மண்டையைக் குடைந்து நான் கண்டுபிடித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "எங்கம்மா வீட்ல இல்லல்ல. அம்மா இல்லன்னா அதுக்கும் ஒண்ணும் ஓடல."

அவள் சோபாவை ஒரு முறை தடவிப் பார்த்தாள். பிறகு, அதுவும் சரிதான் என்பதுபோல், இரண்டு ரப்பரைத் திருப்பிக் கொடுத்தாள்.