நண்டுக் குழம்பின் மேல் விழுந்த பழி

எழுபத்தொன்பதாம் வருஷமோ எண்பதோ, மழை ஓய்ந்து ஏரியில் நண்டு கொழுத்திருந்த சமயம். ஏரிக்கரை மீன்பிடி ஊரான தோணிரேவில் எங்கள் வீடு. நண்டுக் குழம்பு வைப்பதில் எனக்குச் சரியாக யாரும் இல்லை என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

அன்று என் வீட்டுக்காரர் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். மறுநாள் குளிர்காய்ச்சல். அதற்கடுத்த நாள் வயிறு பானை மாதிரி உப்பி, ரத்தமாகப் போக ஆரம்பித்தது.

"இன்னாத்த போட்டு ஆக்குன அண்ணி?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள் நாத்தனார்.

எனக்குச் சுருக்கென்றது. "நானும் புள்ளைங்களும் அதத்தானே துன்னோம்? எங்களுக்கு இன்னா ஆச்சு?" என்றேன். ஓமத்தண்ணீர், சீரகத்தண்ணீர் என்று அவர் வயிற்றுக்கே வைத்தியம் பார்த்து, வருவோர் போவோரிடமெல்லாம் குழம்புக்காகச் சண்டை போட்டே இரண்டு நாளைத் தொலைத்தேன்.

பிறகுதான் பஸ் ஏற்றிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரிடம் என் முதல் வார்த்தையே, "குழம்பு கெட்டதில்லைங்க" என்பதுதான். டாக்டர் இவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இவர் இடது கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். கட்டைவிரல் கருநீலமாக வீங்கிக் கிடந்தது. வலையிலிருந்து கெளுத்தியை எடுக்கும்போது முள் ஏறியதாம்.

"முள்ளு ஏர்றது தெனமும்தானே" என்றார் இவர்.

விரல் வழியாகப் போன விஷக்கிருமி ரத்தமெல்லாம் பரவிவிட்டது, அதை அடிக்க ரத்தத்தில் காவலுக்கு இருக்கும் வெள்ளை அணுக்கள் கூட்டமாகக் கிளம்பி, அந்த ஆவேசத்தில் குடலின் உள்சுவரையும் புண்ணாக்கிவிட்டன, இனி குடலில் கிடக்கும் அழுக்கும் ரத்தத்தில் கசியும் என்றார் டாக்டர். எனக்குப் புரிந்தது. வலையில் ஏறிய பாம்பை அடிக்கப் போய் வலையையே கிழித்துக்கொள்வோமே, அதுதான்.

இவருக்குச் சிரிப்பு. "கேட்டியாமே, உன் கொயம்பு தப்பிச்சிச்சி. ஊட்டுக்குப் போனதும் இன்னொருவாட்டி ஆக்கு. தங்கச்சிய எதிர்ல குந்த வெச்சி துன்றேன்."

வீட்டுக்கு வரவில்லை. நாலாம் நாள் போய்விட்டார்.

நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நண்டு கொழுக்கும் காலத்தில் இன்றும் இரண்டு தட்டு சோறு கூடுதலாகத்தான் வடிக்கிறேன். என் குழம்பில் குற்றமில்லைதான். ஆனால் அந்தத் துணியை ஒருதரம் அவிழ்த்துப் பார்க்காத என் கை, இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கையைத் தேடிக்கொண்டே இருக்கிறது.