தொட்டுக்கூடப் பார்க்காத கம்பளி

மழையில் நனைந்த கம்பளி அடுப்புச் சூட்டில் காயும்போது ஒரு வாசம் வரும்... ஆட்டு வாசமும் புகை வாசமும் கலந்து. கூடலூரை அடுத்த ஓவேலிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளியில் நான் டீச்சராகச் சேர்ந்த புதிதில், வகுப்பு முழுக்க அந்த வாசம்தான்.

நாலாம் வகுப்புக்கு 'பொருள்களும் அவற்றின் தன்மைகளும்' என்று ஒரு பாடம். எது தண்ணீரை உறிஞ்சும், எது உறிஞ்சாது, எது சூட்டைக் காக்கும்... புத்தகத்தில் படம் மட்டும் இருந்தது. "அவங்கவங்க ஊட்ல இருக்கறதக் கொண்டாங்க, நாமளே பாத்துக்கலாம்" என்றேன்.

புவனா என்று ஒரு பெண். அம்மா கொழுந்து பறிப்பவர். அம்மாவின் பழைய கம்பளியில் கிழிந்த ஒரு துண்டு, உர மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பை, ஒரு பருத்தித் துண்டு... இதுதான் அவள் கொண்டுவந்தது.

மூன்று டம்ளரில் வெந்நீர். ஒன்றைச் சும்மா விட்டாள். ஒன்றில் பருத்தித் துணி, ஒன்றில் கம்பளி சுற்றினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சர், கம்பளி சுத்துனது மட்டும் இன்னும் சுடுது!" என்று கத்தினாள். பிறகு கம்பளிமேல் தண்ணீர் ஊற்றினாள். ஊறிப்போனது. பிளாஸ்டிக்கை மேலே போர்த்தி ஊற்றினாள். வழிந்து ஓடிவிட்டது.

"அதான் மழையில அம்மா உள்ள கம்பளியும் மேல பிளாஸ்டிக்கும் போடுது!"

கூடலூரில் நடந்த அறிவியல் கண்காட்சிக்கு அவளையே கூட்டிப் போனேன்.

நடுவராக வந்தவர் எங்கள் மேஜையைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தார்.

"இந்தக் கந்தலெல்லாம் எதுக்கும்மா இங்க? சீஃப் கெஸ்ட் வர்ற நேரம். வராண்டால போடுங்க."

"பொருள்களோட தன்மைதானுங்க சார் இவ காட்டறது. ஒருதரம் தொட்டுப் பாருங்க."

"தொட வேற வேணுமா? வாசமே சொல்லுதே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புவனா கம்பளித் துண்டை எடுத்துப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மேஜையை வராண்டாவுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே குளிர்காற்று. ஊற்றிய வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

"புவனா, அந்தப் பக்கம் புடி" என்றேன். இரண்டு பேருமாகத் தூக்கி, மேஜையை ஹால் வாசலிலேயே போட்டோம். எங்களைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது!

சிறப்பு விருந்தினர் ஒரு டாக்டரம்மா. "என்ன கண்ணு இது?" என்று நின்றார். புவனா தயங்கித் தயங்கி மூன்று டம்ளரையும் தொடச் சொன்னாள். "அட, இது இன்னும் வெதுவெதுன்னு இருக்கே!" என்று கம்பளி சுற்றியதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார் அந்தம்மா. நடுவர் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பரிசு? வேறொரு பள்ளி செய்த தெர்மாகோல் அணைக்கட்டுக்குப் போனது. அடுத்த வருடம் எங்கள் பள்ளிக்கு அழைப்பே வரவில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் புவனா கேட்டாள், "டீச்சர், அந்த டேம்ல தண்ணி ஊத்திப் பாத்தாங்களா?"

இல்லை கண்ணு. யாரும் ஊத்திப் பார்க்கவில்லை.

இப்போது குன்னூரில் என் பக்கத்து வீட்டு நிலா நாலாம் வகுப்பு. அதே பாடம். பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் தகவல்... 'பொருள்களின் படங்களைக் கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டவும். வீட்டுப் பொருள்கள் கொண்டுவர வேண்டாம்.' பிரிண்ட் எடுத்த பஞ்சும் இரும்பும் தொட்டால் ஒரே வழவழப்பு! குழந்தை எதைத் தெரிந்துகொள்ளும்?

இன்று காலை அவள் பையில் ஒரு தேங்காய் நார், ஒரு ஆணி, ஒரு செங்கல் துண்டு போட்டு அனுப்பியிருக்கிறேன்.

"மிஸ் திட்டுனா என்ன பண்றது ஆன்ட்டி?" என்றாள்.

"என் பேரச் சொல்லு. நானே வர்றேன்."

பள்ளியிலிருந்து கூப்பிட்டதும் கிளம்ப, செருப்பை வாசலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.