குதிரைவீரர்கள் போட்ட துண்டு

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாட்டுக்குக் காலையில் போகும் பஸ்ஸில் இடம் பிடிக்க ஒரு முறை உண்டு. பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ உள்ளே போட்டுவிட வேண்டும். போட்டவருக்குத்தான் சீட்டு. எனக்கு இந்த நியாயம் பிடிக்காது. என் கல்யாணப் பேச்சை வீட்டில் கைவிட்டு வெகுநாளாகியிருந்தது. யாருக்கும் பணிந்து போகும் பழக்கமும் எனக்கு விட்டுப்போயிருந்தது. ஒருநாள் ஜன்னலோரத்தில் கிடந்த கைக்குட்டையை எடுத்துக் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

கைக்குட்டைக்காரர் வந்து நின்றார். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் டாக்டர். மனைவியை இழந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அது நான் போட்ட எடங்க."

"கர்சீப்பப் போட்டா எடம் உங்களதா ஆயிடுமா?"

அவர் சண்டைக்கு வரவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரத்தநாடு வரை நின்றே வந்தார்.

அன்றைக்கு ஒரத்தநாட்டுப் பள்ளியில், என் சரித்திர வகுப்பில் நான் நடத்த வேண்டியிருந்தது மொகலாயப் பேரரசு தளர்ந்த கதை. டெல்லியில் பாதுஷா பெயருக்கு இருந்தார். வங்காளத்திலும் ஹைதராபாதிலும் இருந்தவர்கள் அவரைக் கும்பிட்டுக்கொண்டே ஆட்சியைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். பஞ்சாபின் சீக்கியத் தலைவர்கள் அந்தக் கும்பிடும் போடவில்லை. அதனாலேயே அவர்கள்மீது எனக்குத் தனிப் பிரியம். ஆப்கானியரை விரட்டிப் பிடித்த சீமையில் அவர்களுடைய குதிரைவீரர்கள் ஊருக்கு ஊர் இடுப்புக் கச்சையையோ வாளுறையையோ வீசிவிட்டு, இது எங்கள் ஊர் என்று சொல்லிப் போனார்களாம். இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "பஸ்ல துண்டு போடுற மாதிரியா டீச்சர்?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் பஸ்ஸில் அந்த டாக்டரிடம் இதைச் சொன்னேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கதையாகத்தான் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அத்தனை ஊர் சுத்துனா குதிரைக்குத் தீனி யாருங்க போட்டாங்க?" என்றார். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் குதிரையைப் பற்றிக் கேட்டதில்லை. விளைச்சலில் ஒரு பங்கு அவர்களுக்கு உண்டு, ஆனால் சும்மா இல்லை, கொள்ளையடிக்க வருகிறவர்களிடமிருந்து ஊரைக் காக்க வேண்டும் என்றேன்.

அதன்பிறகு தினமும் அவர் கைக்குட்டை போட்டுப் பிடித்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நின்றார். உட்காருங்கள் என்றால், "காவக்காரன் உக்காரக் கூடாதுங்க" என்பார். புதாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்து, சம்பா நட்டு, கதிர் முற்றும்வரை இப்படியே போனது. தினமும் கொஞ்சம் சரித்திரம் கேட்பார்.

"நம்ம தஞ்சாவூர் அரண்மனை ராஜாக்கள்லாம் எப்படிங்க?"

"ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்டுனவங்க. டிமிக்கி குடுத்ததும் உண்டு."

பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே நான் முந்தின இரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்திருந்தேன்.

அறுவடை முடிந்த கையோடு இடமாறுதல் கலந்தாய்வு வந்தது. கும்பகோணத்தில் காலியிடம் இருந்தது. அம்மா அங்கே தனியாக இருந்ததால் வருடா வருடம் நான் கேட்டுக்கொண்டிருந்த ஊர். பஸ்ஸில் அவரிடம் சொன்னேன். அவர் வெளியே பார்த்தபடி கேட்டார்.

"அந்தப் பஞ்சாப் ஊர்க்காரங்க காவல் வேணாம்னு சொல்லலாமாங்க? வீசுன கச்சையத் திருப்பிக் குடுத்துடலாமா?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை.

"சொல்லலாம். காவல் நல்லா இருந்தா எதுக்குச் சொல்லணும்?"

அன்றைக்குப்போலச் சந்தோஷமாக நான் பள்ளிக்கூடத்துக்குப் போனதே இல்லை.

கலந்தாய்வில் கும்பகோணம் வேண்டாம் என்றேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான கேட்டுக்கிட்டே இருந்தீங்க? அம்மா இருக்காங்கன்னு சொன்னீங்களே."

"அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துடறேன் சார்."

"அப்படி என்ன டீச்சர் இருக்கு ஒரத்தநாட்டுல?"

அவரிடம் சீக்கியர்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

"பஸ்ல உக்கார எடம் கெடைக்குது சார்," என்றேன்.