விக்கி அறுத்த கருப்பு ஒயர்

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், நூர் முஹம்மது பாயின் பஞ்சர் கடைத் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பலகை போட்டு, பைக்குகளுக்கு ஒயரிங் செய்கிறவள் தேவானை. பதினாறு வருடமாக அதே இடம். ஆற்றோரத்து வீட்டை இடித்து, குடும்பத்தை ஊருக்கு வெளியே ஏழாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்காகத் தொழிலையுமா அங்கே தூக்கிக்கொண்டு போவாள்? காலையில் இரண்டு பஸ் மாறி வந்துவிடுவாள்.

முதலில் அந்தப் பலகையில் உட்கார்ந்தவன் அவள் புருஷன் மண்ணாங்கட்டி. எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்க்கிற பொறுமையெல்லாம் அவனுக்குக் கிடையாது. இரண்டு ஒயரை உரசுவான், பொறி பறந்தால் சரி என்பான். இப்படி உரசி உரசியே ஒரு வருடத்தில் மூன்று வண்டியைப் புகைய விட்டான். பக்கத்தில் டார்ச் பிடிக்க வந்தவள்தான் தேவானை. மூன்றாவது வண்டி புகைந்த அன்றைக்கு அவன் கையிலிருந்த ஒயரைப் பிடுங்கிக்கொண்டு, "நீ போயி டீ குடிச்சிட்டு வா" என்றாள். மகராசன் இன்றைக்கும் டீதான் குடித்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது அந்த இடத்துக்கும் ஆபத்து வந்துவிட்டது. மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட வருகிற திங்கட்கிழமை தார்ப்பாயைப் பிரிக்கிறார்கள். நூர் முஹம்மது பாய்க்குக் கடைக்குப் பின்னாலேயே சொந்த வீடு இருக்கிறது, உள்ளே நகர்ந்துவிடுவார். தேவானை எங்கே நகர்வாள்? ஒரு மாதம் முன்பே தி. நகரில் ஒரு பட்டறைக்குப் போய் வேலை கேட்டுப் பார்த்தாள். பழைய வண்டிகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஆசைப்பட்ட மாதிரி மாற்றிக் கட்டித் தருகிற பட்டறை அது. முதலாளி சித்தார்த்தன். ஒயரிங் ஆள் தேவை என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தவர்தான், இவளைப் பார்த்ததும் சர்டிபிகேட் கேட்டார். இல்லை என்றதும், "நீங்க ஒயரிங் பண்ண நல்ல வண்டி ஏதாவது இருந்தா காட்டுங்கம்மா, அப்புறம் பாக்கலாம்" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். தேவானை ஒயரிங் செய்த வண்டிகளில் பாதி மீன் ஏற்றிக்கொண்டும் பாதி சிலிண்டர் ஏற்றிக்கொண்டும் ஓடுகின்றன. அவற்றில் எதை ஓட்டிக்கொண்டு போய் அவருக்குக் காட்டுவாள்?

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தான் விக்கி.

வந்தான் என்பதைவிட ஊளையிட்டுக்கொண்டு வந்தான் என்பதே சரி. புதன்கிழமை பதினொரு மணிக்கு, சின்னமலைப் பக்கமிருந்து ஒரே ஹாரன். ஆம்புலன்ஸ் என்று நினைத்துப் பாலத்தில் எல்லாரும் வழி விட்டிருக்கிறார்கள். பார்த்தால், தலை முதல் கால் வரை கருப்புப் பூசின ஒரு பைக். மேலே ஒரு பையன், முகம் வெளிறிப்போய். கை ஹாரன் சுவிட்சில் இல்லவே இல்லை, ஆனாலும் அலறல் நிற்கவில்லை.

தேவானை எழுந்து போய் ஹாரன் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். தெருவே மூச்சு விட்டது.

"எவன் பண்ணான் இந்த வேலைய?"

"நான்தான் ஆன்ட்டி. வீடியோ பாத்து..."

"வீடியோல புள்ள பெத்துக்கறதுகூடத்தான் காட்டுறான். பெத்துக்கிறியா?"

பாய் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே சிரித்தார்.

விக்கிக்கு அடையாறில் அப்பா கட்டின வீடு. கார் நிறுத்துகிற இடத்தில் இந்த வண்டியைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இரண்டு வருடம் கழித்திருக்கிறான். காரில் மாட்டுகிற ரெட்டை ஹாரனை வாங்கி, நூல் மாதிரி ஒயரைப் போட்டு, நேராக வண்டியின் பழைய சுவிட்சில் கொண்டுபோய்ச் செருகியிருந்தான்.

"ரெண்டு ஹாரன் இழுக்கற கரண்டு எவ்ளோ, இந்தக் குட்டி சுச்சு தாங்கறது எவ்ளோ? உள்ள உருகி ஒட்டிக்கிச்சு. அதான் கத்திக்கினே வந்துது. ரிலே போட வேணாமா நைனா?"

"அது ஒரு டப்பா மாதிரி வெளியே தெரியும் ஆன்ட்டி. லுக் போயிடும். ஒரு ஒயர்கூடத் தெரியக் கூடாது, அதான் கான்செப்ட்."

கான்செப்டாம்! வயிற்றுக்குள்ளே குடல் இருக்கிறது, வெளியே தெரியவில்லை, அதற்காக இல்லாமலா போய்விட்டது?

தேவானை வேலையில் இறங்கினாள். புது சுவிட்ச் போட்டாள். தீப்பெட்டி அளவு ரிலேயை சீட்டுக்கு அடியில் ஒளித்தாள். இனி சுவிட்ச் கட்டளை மட்டும் கொடுக்கும், பேட்டரியிலிருந்து ஹாரனுக்குக் கரண்டைக் கொண்டுபோவது ரிலேயின் பொறுப்பு. அடுத்தது எர்த். மற்ற வண்டிகளில் ஹாரனை வண்டியின் இரும்புச் சட்டத்தில் முடுக்கினாலே போதும், கரண்ட் அந்த இரும்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். இவனோ இரும்பே தெரியாத அளவுக்குத் தடிமனாகப் பெயிண்ட் அடித்திருந்தான். கொஞ்சம் சுரண்டலாமா என்று கேட்டதற்கு, அவன் தோலை உரிக்கக் கேட்டது போலப் பதறினான். அதனால் ஹாரனிலிருந்து பேட்டரிக்குத் தனியாக ஒரு கருப்பு ஒயர் இழுத்தாள். ஹேண்டில் பாருக்குக் கீழே அது ஒரு சாண் நீளத்துக்குத் தெரிந்தது. விக்கி மூக்கைச் சுளித்தான்.

சனிக்கிழமை நந்தனத்தில் இந்த மாதிரி வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காட்டுகிறார்கள் என்றும், பார்த்து மார்க் போடுகிறவர் தி. நகர் சித்தார்த்தன் என்றும் அவன்தான் பேச்சுவாக்கில் சொன்னான். தேவானையின் கை சட்டென்று நின்றது.

"அந்த சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லு நைனா. ஒயரிங் சைதாப்பேட்ட தேவானைன்னு. எனுக்கு அது போதும்."

"கண்டிப்பா ஆன்ட்டி! ப்ராமிஸ்!"

சனிக்கிழமை பத்தரை மணிக்கு ஃபோன் வந்தது. விக்கியேதான், கிசுகிசுவென்று.

"ஆன்ட்டி, ஹாரன் அடிக்கலை. எல்லார் முன்னாடியும் மானம் போச்சு. என்ன பண்ணி வெச்சீங்க நீங்க?"

தேவானை ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஃபோன ஸ்பீக்கர்ல போட்டு சீட்டு பக்கத்துல வெய்யி. இப்ப ஹாரன அமுக்கு."

டிக்.

"இன்னொருவாட்டி."

டிக்.

"சுச்சு நல்லாகீது. ரிலேவும் நல்லாகீது, வேலைக்கி வந்து குந்திக்கினு டிக்கு டிக்குன்னு கூப்டுது பாரு. ஹாரனுக்குத்தான் எர்த் இல்ல. என் கருப்பு ஒயரு எங்க?"

விக்கி இன்னொரு தடவை ஹாரனை அமுக்கினான். டிக்.

"எங்கடா அது?"

"வெளியே தெரிஞ்சுது ஆன்ட்டி... ஃபிரேமே எர்த்துதானேன்னு... நேத்து கட் பண்ணிட்டேன். ரொம்ப நீட்டா கட் பண்ணேன்."

"நீட்டா அறுத்தானாம்! பெயிண்ட்டுல கரண்டு ஓடும்னு எந்தப் பேமானிடா வீடியோ போட்டான்? ரெண்டு வருசமா வண்டி கட்டல நீ, பொம்மைக்கு மை வெச்சிக்கினு இருந்திருக்க!"

ஃபோனில் வேறொரு குரல் வந்தது. "யாரும்மா பேசறது? நான் சித்தார்த்தன். விக்கி, ஒயரிங் மொத்தமும் நானே பண்ணேன்னு இப்பதானே சொன்ன? அப்புறம் எதுக்கு இவங்களுக்கு ஃபோன்?"

தேவானை கேட்டது ஒரே ஒரு வார்த்தை, அதைக்கூட விக்கி முழுங்கிவிட்டான்.

"சார், சைதாப்பேட்ட தேவானை. சர்டிபிகேட் இல்லன்னு ஒருவாட்டி அனுப்பி வெச்சீங்க. அந்த வண்டிய அப்டியே இங்க ஓட்டிக்கினு வரச் சொல்லுங்க. நந்தனம் வரைக்கும் நான் வந்து காட்ட முடியாது."

கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் வந்தார்கள். தேவானை எழுந்திருக்கவில்லை. அறுபட்ட ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று இழுத்து, முனையை அழுத்திப் பூட்டினாள். சித்தார்த்தன் முட்டி போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். அவரே ஹாரனை அமுக்கினார். எதிர்க்கடைக்காரர் தராசைக் கீழே போட்டுவிட்டார்.

"சொல்லு விக்கி, யாரு பண்ண ஒயரிங்?"

"இவங்கதான் சார்" என்றான் தரையைப் பார்த்து.

"என்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? எனுக்குத் தெரியாதா? நந்தனத்துல போயி மைக்குல சொல்லு."

சித்தார்த்தன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சர்டிபிகேட்டெல்லாம் வேணாம்மா. திங்கட்கிழமை பட்டறைக்கு வந்துடுங்க."

அப்படியே காலில் விழுந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

"கூர ஒழுவுமா?"

"இல்லம்மா, தகர ஷீட் போட்டிருக்கு."

"பொம்பளைங்களுக்கு கக்கூசு கீதா?"

சித்தார்த்தன் பாயைப் பார்த்தார், விக்கியைப் பார்த்தார். "இல்ல... எல்லாம் பசங்கதானே, அதனால பின்பக்கம் சும்மா ஒரு..."

"இங்க பாய் சம்சாரம் ஜமீலுன்னிசா அக்கா எத்தினி மணிக்குப் போனாலும் ஊட்டுக் கதவத் தொறக்கும். தி. நகர்ல எவ தொறப்பா எனுக்கு? ஊரு வண்டிக்கெல்லாம் லட்ச லட்சமா மேக்கப் போடறீங்க, ஒரு கதவு போட முடியலியா? போட்டுட்டு கூப்டுங்க, வரேன்."

சித்தார்த்தன் சுவரில் ஒட்டியிருந்த வடிகால் நோட்டீஸைப் பார்த்தார். "திங்கட்கிழமை இந்த எடத்தையே தோண்டப் போறாங்களாமே? அதுக்குள்ள எப்படிம்மா?"

"நடுவுல ஞாயித்துக்கிழம ஒண்ணு கீது."

"யம்மா, வந்த வேலய வேணாம்ங்கறியா!" என்று பாய் வாயில் கை வைத்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சித்தார்த்தன் ஃபோனை எடுத்து ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, நாளைக்கு ஆள் கிடைக்குமா என்று விசாரித்தார். மறுமுனையில் அளவு கேட்டிருப்பார்கள் போல, கையை விரித்துக் காற்றில் அளந்தார்.

"தாப்பா உள்பக்கமா வெக்கச் சொல்லு சார்" என்றாள் தேவானை.