கடைசிச் சரணத்துக்கு ஒரு கல்யாணம்

இறந்துபோன ஒருவரின் பாட்டுகளைத் திரட்டி, ஏட்டோடு ஏடு ஒப்பிட்டு அச்சுப்போடும் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை: பாட்டைக் கட்டியவரைத் தவிர மற்ற எல்லோரும் நம்மிடம் சண்டைக்கு வருவார்கள். நான் பருத்தி மண்டியில் மூட்டை தூக்கி, பேரம் படித்து, சேலத்தில் சொந்தமாக அச்சாபீஸ் வைத்தவன். எங்கள் பக்கத்துக் கவிராயர் ஒருவரின் கீர்த்தனைகளை ஒன்று விடாமல் கொண்டுவருவதாக நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டேன். ‘முழுத் தொகுப்பு’ என்று அட்டையும் அடித்தாகிவிட்டது.

அடிக்குறிப்பு

ஏடு பார்க்க ஒரு பண்டிதரை அமர்த்தினேன். ஒரே வரி மூன்று ஏட்டில் மூன்று விதமாக இருந்தால், ஒன்றை மேலே வைத்து மற்ற இரண்டையும் கீழே பொடி எழுத்தில் போடச் சொல்வார். பாதிப் பக்கத்துக்குப் பொடி எழுத்து ஏறியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கீழே ஒன்று போதும், முடித்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கவிராயர் பாட்டு என்ன பருத்திப் பொதியா, நீர் அடித்துப் பேசிக் குறைக்க?”

ஓமலூர் ஏடு

கல்யாணக் கீர்த்தனை ஒன்று ஓமலூரில் ஒரு வீட்டு ஏட்டில் மட்டுமே இருந்தது. பூஜையறையிலிருந்து எடுத்து வந்தார்கள். வருஷா வருஷம் கழுவிச் சந்தனம் பூசியதில் கடைசிச் சரணம் அடியோடு அழிந்துபோயிருந்தது. “படிக்கிற ஏட்டை இப்படியா தேய்ப்பீர்கள்?” என்று கத்தினேன்.

வீட்டுக்காரர் அசையவில்லை. “நாங்க கும்பிடறதுக்கு வெச்சிருக்கறமுங்க. படிக்கறதுக்குன்னு யாரு சொன்னாங்க?”

ராசிபுரம்

அந்தச் சரணம் ராசிபுரத்தில் நாச்சியம்மா என்ற நெசவுக்கார அம்மாளுக்குப் பாடமாம். போனேன். தறியில் உட்கார்ந்தபடியே அருமையாகப் பாடி, கடைசிச் சரணத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார். தாலி கட்டும்போது மட்டும்தான் அதைப் பாடுவார்களாம். பேரத்தில் இறங்கினேன். பட்டுச்சேலை ஒன்று எடுத்துத் தருவதாகச் சொன்னேன்.

“அதைத்தானுங்க சாமி நெய்துக்கிட்டிருக்கறேன்” என்றார். “எம் மூத்த புள்ளைக்கு ஒரு மாப்பிள்ளை அமையட்டும், வாய் நிறையப் பாடறேன்.”

கெட்டி மேளம்

அச்சாபீசில் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கான பாரம், எழுத்துக் கோத்தபடி, அந்த ஒரு சரணத்துக்காக இயந்திரத்தில் கிடந்தது; அது இறங்காமல் வேறு வேலை ஏறாது. ஆகவே நானே மாப்பிள்ளை தேடினேன். நாமகிரிப்பேட்டைப் பையன், மேட்டூரில் அணை கட்டுமிடத்தில் வேலை. கல்யாணம் யார் ஊரில் என்று இரண்டு வீடும் முறைத்துக்கொண்டு நின்றன. மண்டியில் பேசாத பேச்செல்லாம் பேசி ராசிபுரத்துக்கே முடித்தேன்.

முகூர்த்தத்தன்று பண்டிதர் பென்சிலைச் சீவிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். நாச்சியம்மா வாயைத் திறந்தார். “கெட்டி மேளம்” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவ்வளவுதான். நாச்சியம்மாளின் உதடு அசைந்தது தெரிந்தது. சத்தம் முழுக்கத் தவில்காரருடையது. அவர் குச்சியைப் பிடுங்கப் பாய்ந்த என்னைச் சம்பந்தி வீட்டார் நாலு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள்.

மேளம் ஓய்ந்ததும் இன்னொரு தரம் பாடச் சொல்லிக் கெஞ்சினேன். நாச்சியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “தாலிதான் ஏறிப்போச்சுங்களே சாமி. சின்னவ ஒருத்தி இருக்கறா, பாருங்க.”

அடித்த அட்டையைக் கிழிக்க மனம் வராமல், தவில் சத்தம் எட்டாத தூரத்தில் மேளத்தை உட்காரவைக்கச் சம்மதிக்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டைத் திருச்செங்கோட்டுப் பக்கம் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.