வல்லத்தில் கேட்காத குரல்

அந்தக் குரல் அழைப்புக்கான நிரலைச் செஞ்சியில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துதான் எழுதினேன். என்னோடு கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்த நண்பன் சென்னையில் இருந்தான். இருவரும் சேர்ந்து ஒரு பால் கொள்முதல் கம்பெனிக்குச் செயலி செய்துகொண்டிருந்தோம். மாடு வைத்திருப்பவர்கள் செயலிக்குள்ளிருந்தே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. திரைகளெல்லாம் அவன் பொறுப்பு, பேச்சு என் பொறுப்பு.

அது ஹைப்ரிட் செயலி. வெளியே செயலியின் கூடு, உள்ளே ஓடுவது வெப்பக்கம். அந்தப் பக்கத்துக்கு மைக்கைத் திறந்துவிடுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆண்ட்ராய்டில் பேசினால் ஐபோனில் ஊமையாகிவிடும். ஒருவழியாக போனிலிருந்து போனுக்குக் குரல் நேராகவே போக ஆரம்பித்தது. ஆனால் இரண்டு போனும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருந்தால் ஒன்றையொன்று கண்டுபிடிக்க முடியாமல் போவதுண்டு. அப்போது குரலை வாங்கிக் கைமாற்றிவிட நடுவில் ஒரு ரிலே சர்வர் வேண்டும். அதையும் வைத்தேன்.

கம்பெனியின் மேலாளர் அம்மாவுக்குச் செயலியை ஆன்லைனில் காட்டிய நாளில் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. போனில் சேர்ந்துகொண்டேன். நான் வந்தது அவனுக்குத் தெரியவில்லை.

"வாய்ஸ் கால் ரொம்ப நல்லா வந்திருக்கு. யார் பண்ணது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நான்தான் மேடம். செஞ்சியில ஒருத்தங்க இருக்காங்க. அவங்க சும்மா டெஸ்டிங் பாத்தாங்க."

என் கை மைக் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. மறுநாள் ஒன்றும் நடக்காதவன் போல மெசேஜ் அனுப்பினான். "எல்லாமே நேரா கனெக்ட் ஆகுது. அந்த ரிலே எதுக்கு வேஸ்ட்டா? எடுத்துட்டேன்."

அவன் தன் வீட்டு வைஃபையில் இரண்டு போனை வைத்துப் பேசிப் பார்த்திருக்கிறான். ஒரே வைஃபையில் எதுவும் பேசும். 'எடுக்காதே, வெளியில் போனால் குரல் வராது' என்று தட்டச்சு செய்தேன். அனுப்பாமல் அழித்தேன். 'சரி' என்று மட்டும் போட்டேன். அன்றிலிருந்து வெளியில் வைத்துப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருந்தேன். கல்யாணத் தேதிக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

அந்த நாள் செஞ்சிக்குப் பக்கத்திலிருக்கும் வல்லத்தில் வந்தது. மேலாளர் அம்மா வேர்க்கடலை போட்டிருந்த ஒரு மல்லாட்டைக் கொல்லையை ஒட்டியிருந்த மாட்டுக் கொட்டகையில் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காரில் வந்தான். நான் ஸ்கூட்டியில் போய் ஓரமாக நின்றேன். மருத்துவர் அனந்தபுரத்தில் இருந்தார். மாட்டுக்காரர் போனில் பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. மருத்துவர் எடுத்ததாகத் திரையும் காட்டியது. குரல் மட்டும் வரவில்லை.

அவன் போனை வாங்கி, "ஹலோ, சார், கேக்குதா?" என்றான். வரப்பில் ஏறிக் கத்தினான். போனை வானத்துக்குத் தூக்கினான். கட்டியிருந்த மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது.

"டவர் சரியில்ல மேடம்" என்றான்.

மாட்டுக்காரர் அதே போனில் மருத்துவருக்குச் சாதாரணமாகப் போன் போட்டார். குரல் கணீரென்று வந்தது. "டவர் நல்லாத்தான இருக்குது? உங்க ஆப்புதான் ஊமையா கீது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் சிரியுங்கள் என்று இருந்தது.

அவன் வியர்த்துப் போய் என் பக்கத்தில் வந்தான். "உனக்குத் தெரியுமில்ல? ப்ளீஸ், பாத்துக் குடு."

"நான் சும்மா டெஸ்டிங் பாக்குறவ. பாத்துட்டேன். பேச மாட்டேங்குது."

அவன் முகம் செத்துவிட்டது. "யாரு எழுதினது, எத எடுத்தன்னு மேடம்கிட்ட நீயே சொல்லு. அப்புறம் லேப்டாப்பக் குடு" என்றேன்.

சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு, மென்று விழுங்கி. மேலாளர் அம்மா, "சரியா கேக்கல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். மறுபடியும் சொன்னான்.

காரின் பின் சீட்டில் உட்கார்ந்து, அவன் நிறுத்தி வைத்திருந்த ரிலேவை ஓடவிட்டு, எடுத்த வரிகளைத் திரும்பப் போட்டேன். உள்ளே இருப்பது வெப்பக்கம்தானே, செயலியை மூடித் திறந்தாலே போதும். மாட்டுக்காரர் திறந்து கூப்பிட்டார்.

"மாடு தீனி எடுக்குதா?" என்று மருத்துவர் கேட்டது கொட்டகை முழுக்கக் கேட்டது.

"எடுக்குது சார். இன்னா சார், பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்குது!"

வேலையை இனி நான் மட்டும் பார்க்கும்படி கம்பெனி கேட்டுக்கொண்டது. அன்று சாயந்தரமே செயலியின் நிரலைத் திறக்க அவனுக்கு இருந்த அனுமதியை எடுத்தேன். "கூடப் படிச்ச பையன், பாவம், உட்ரு" என்றாள் என் அம்மா. பாவமாக இல்லை. இன்றைக்கும் இல்லை.

பிறகு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் வந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்ததும் பாதி இலையில் எழுந்து போனான். நான் பாயசம் இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.